கடையில் காட்டும் 20×50 வேண்டாம்: கண்ணாடி போடுபவருக்குப் பத்தாயிரத்துக்குள் பைனாகுலர்

கேள்வி: வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 48. விடுமுறை நாட்களில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போவேன். மே மாதம் குடும்பத்தோடு முதுமலை. பைனாகுலருக்கென்று எட்டாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். முடிந்தால் பத்தாயிரம் வரை போகலாம். கடையில் 20×50 ஒன்றைக் காட்டி, “இதுதான் சார் பவர் அதிகம்” என்கிறார்கள். பெட்டியில் ‘ஹண்டிங்’ என்றும் போட்டிருக்கிறது. நான் எப்போதும் மூக்குக் கண்ணாடி போடுபவன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளையும் சில நாள் கூட்டிப் போவேன். எதை வாங்கலாம்?

பதில்: வணக்கம் ஐயா. அந்த 20×50-ஐ வாங்காதீர்கள். உங்களுக்குப் பொருந்துவது 8×42. அதிலும் கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க முடிகிற, தண்ணீர் புகாத ஒன்றாக இருக்க வேண்டும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் கடைக்காரர் எந்த மாடலை நீட்டினாலும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். இதை எக்ஸிட் ப்யூபில் என்பார்கள். 8×42-இல் இது 5.25 மி.மீ., 10×42-இல் 4.2, 20×50-இல் வெறும் 2.5. நம் கண்ணின் பாவை நண்பகலில் 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் மூன்றும் ஒன்றுபோலவே பளிச்சென்று இருக்கும். கடையில் பகலில் பார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான். விடிகாலை ஆறு மணிக்கு உங்கள் பாவை 5 மி.மீ. வரை விரியும். அப்போது 2.5 மி.மீ. வட்டம் வழியாக வருகிற காட்சி மங்கிப்போய், புதருக்குள் நிற்பது வெளிமானா வெறும் நிழலா என்று தெரியாது. பறவையும் விலங்கும் நன்றாக நடமாடும் நேரம் அந்த விடியலும் அந்தியும்தான். ஆகவே வாங்கும் முன் ஒருமுறையாவது மாலை ஆறு மணி வாக்கில் கடைக்குப் போய், வாசலில் நின்று எதிர்ப்பக்கம் இருட்டாக இருக்கும் மூலையைப் பாருங்கள்.

வெளிச்சத்தைவிடப் பெரிய சிக்கல் கை நடுக்கம். 20 மடங்கு பெருக்கினால் நடுக்கமும் 20 மடங்கு பெருகும். 8 மடங்கில் பெரும்பாலானோர் நிதானமாகப் பார்க்கலாம். 10-இல் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அதற்கு மேல் முக்காலி இல்லாமல் பயனில்லை. பார்வைப் பரப்பும் குறைந்துவிடும். 20 மடங்குக் கருவியில் அது ஏறத்தாழ 3 டிகிரி. நூறு மீட்டர் தள்ளி 5 மீட்டர் அகலம்தான் தெரியும். 7.2 டிகிரி உள்ள 8×42-இல் அதே இடத்தில் பன்னிரண்டரை மீட்டர் தெரியும். பறக்கிற ஆலாவைத் துரத்திப் பிடிக்க அந்த அகலம் கட்டாயம் வேண்டும்.

கோடியக்கரைச் சேற்றுவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் கானல் எழும்பும். தூரத்துப் பறவையின் கால்கள் தண்ணீரில் கரைவதுபோல நெளியும். பெருக்கம் கூடினால் அந்த நெளிவும் கூடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது. பவளக்காலியின் சிவந்த கால், பச்சைக்காலியின் நுனி சற்றே மேல்நோக்கிய தடித்த அலகு, சின்னப் பச்சைக்காலியின் ஊசிபோன்ற நேர் அலகு எல்லாவற்றையும் காலை எட்டு மணிக்குள் 8 மடங்கிலேயே பிரித்துவிடலாம். மிகத் தொலைவில் நிற்கும் உள்ளான் கூட்டத்துக்கு என்றைக்காவது முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கிக்கொள்ளுங்கள். பைனாகுலரை அந்த வேலைக்கு இழுக்க வேண்டாம்.

‘ஹண்டிங்’ என்று போட்டிருப்பதைப் பற்றி. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடைசெய்கிறது. அந்தச் சொல் வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் நாடுகளின் சந்தைக்காக அச்சிட்டது. ஆனாலும் அந்த வேட்டைக்காரர்களிடம் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஜெர்மனியில் அந்திநேரத்தில் உயரமான பரணில் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர்கள் விரும்பி எடுப்பது 8×56. அதாவது பெருக்கத்தை 8-லேயே நிறுத்திவிட்டு, ஒளிவட்டத்தை 7 மி.மீ. ஆக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் தேவை மங்கிய வெளிச்சத்தில் தெளிவு. நமக்கு 8×56 அவசியமில்லை. பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும், கழுத்து தாங்காது. 48 வயதுக் கண்ணில் பாவை 7 மி.மீ. வரை விரிவதும் அரிது, அதனால் கூடுதல் ஒளி வீண்தான். மற்றபடி உடம்பில் காட்டிலைப் பச்சை பூசியிருப்பதோ, லென்ஸுக்குள் அளவுக்கோடு வரைந்திருப்பதோ பறவை பார்ப்பவருக்கு ஒரு பைசா பயன் தராது. சிவப்பாக மின்னும் ‘ரூபி’ பூச்சு லென்ஸைத் தொடவே வேண்டாம். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி பச்சை நீலமாகத் திரிந்துவிடும். ‘டே அண்ட் நைட்’ என்பதும் வெறும் விளம்பர வாசகம்தான்.

இனி உங்கள் மூக்குக் கண்ணாடி. உங்கள் தேர்வை முடிவு செய்யப்போவது இதுதான். கண் மருத்துவர் கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ‘சிலிண்டர்’ (அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறையின் அளவு) என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லாமலோ 0.50 அளவிலோ இருந்தால், தூரப் பார்வைக் குறை, கிட்டப் பார்வைக் குறை எதுவானாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். ஃபோகஸ் சக்கரமும், இரு கண்ணின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்யும் டயாப்டர் வளையமும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். 1.00-க்கு மேல் இருந்தால் கழற்ற முடியாது. சிலிண்டர் குறையை எந்த ஃபோகஸும் சரிசெய்யாது. பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி என்றால் மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். கழற்றிக் கழற்றி மாட்டுவதும் சிரமம்தான். கண்ணாடியைக் கழற்றிப் பைனாகுலரைத் தூக்குவதற்குள் குருவி போய்விடும்.

கண்ணாடியோடு பார்க்க வேண்டுமானால் பெட்டியில் ‘ஐ ரிலீஃப்’ என்ற எண்ணைத் தேடுங்கள். பின்லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளிக் கண்ணை வைத்தால் முழுவட்டம் தெரியும் என்பதற்கான அளவு அது. கண்ணாடி போட்டவருக்கு 15, 16 மி.மீ. குறைந்தபட்சம், 18 இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைந்தால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் தெரியும். 8 டிகிரிப் பரப்புக்குக் காசு கொடுத்து 5 டிகிரியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடையில் கண்ணாடியோடு பார்க்கும்போது பின்பக்க ரப்பர் குழலைக் கீழே திருகி இறக்கிவிடுங்கள். அது மேலே நின்றால் எந்தக் கருவியும் மோசமாகத்தான் தெரியும்.

இங்கேதான் பட்ஜெட் ஒரு தர்மசங்கடத்தைக் கொண்டுவருகிறது. பைனாகுலரில் இரண்டு சாதிகள். முன்லென்ஸ்கள் அகன்று, நடுவில் முழங்கைபோல மடிந்திருப்பது போரோ. இரண்டு நேர்க்குழல்களாக இருப்பது ரூஃப். ரூஃப் பிரிசத்துக்குள் ஒளி இரண்டு பாதியாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. சேரும்போது இரண்டும் இம்மியளவு பிசகிவிடுவதால் இறகின் மெல்லிய கோடுகள் மழுங்கும். அதைச் சரிசெய்ய ‘ஃபேஸ் கோட்டிங்’ என்ற பூச்சு வேண்டும். ஸைஸ் நிறுவனம் 1988-இல் இதைக் கொண்டுவந்தது. விலை குறைந்த ரூஃப்களில் பல இதைப் போடுவதில்லை. ரூஃபின் ஒரு முகத்துக்கு, முகம் பார்க்கும் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பும் பூச்சும் தேவை. மலிவானதில் அது அலுமினியம், நடுத்தரத்தில் வெள்ளி, உயர்ந்ததில் டைஎலெக்ட்ரிக் என்ற, உலோகமில்லாத பல்லடுக்குப் பூச்சு. போரோவுக்கு இந்த இரண்டு செலவும் கிடையாது. அதனால் ஒரே பணத்துக்குப் போரோவின் படம் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். கண்ணாடி போடாத ஒருவர், நீர்நிலைக்குத் தூரத்து ஊரில் இருந்து கேட்டிருந்தால், யோசிக்காமல் போரோ 8×40 அல்லது 8×42 வாங்குங்கள் என்று சொல்லலாம். நிக்கான் அக்குலான் 8×42, ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் போன்றவை அந்த வகை.

ஆனால் அந்த இரண்டின் ஐ ரிலீஃபும் 12 மி.மீ.தான். தண்ணீர் புகாத அடைப்பும் கிடையாது. வேதாரண்யத்தில் உப்பளக் காற்று. ஐப்பசி கார்த்திகையில் மழை. அடைப்பில்லாத கருவிக்குள் ஈரம் புகுந்தால் சில பருவங்களில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே எப்போதும் கண்ணாடி போடும் உங்களுக்கு, படக்கூர்மையில் ஒரு பிடி விட்டுக்கொடுத்தாலும் நைட்ரஜன் நிரப்பி அடைத்த ரூஃப் 8×42 தான் சரி. நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3 8×42-இன் ஐ ரிலீஃப் 20 மி.மீ. அளவு, பரப்பு 7.2 டிகிரி, எடை 565 கிராம். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டி நின்றாலும் இரண்டு மாதம் பொறுத்து வாங்குங்கள். எட்டாயிரத்தில் அவசரமாக வாங்கியதை எட்டு மாதத்தில் மாற்றுவதுதான் உண்மையான செலவு. வேறு பிராண்டாக இருந்தாலும் கேட்க வேண்டியவை இவை: தண்ணீர் புகாதது, ஐ ரிலீஃப் 16-க்கு மேல், பேக்-4 (தரமான ஒரு கண்ணாடி வகை) பிரிசம், ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’. கடைசிச் சொல்லில் எழுத்துக்கு எழுத்து கவனம் வேண்டும். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடி முகத்திலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். நல்ல பல்லடுக்குப் பூச்சு அதை அரை சதவீதத்துக்குக் கொண்டுவரும். ஒரு குழலுக்குள் இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட முகங்கள் உண்டு. வெறும் ‘கோட்டட்’, ‘மல்டி கோட்டட்’ என்றால் எல்லா முகத்துக்கும் பூசவில்லை என்று பொருள். இந்தத் தொகையில் ‘ஈடி கிளாஸ்’ (ஓரத்து நிறக்கோட்டைக் குறைக்கும் கண்ணாடி) என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். ஃபேஸ் கோட்டிங் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஜூம் பைனாகுலர், ஃபோகஸ் சக்கரமே இல்லாதது, சட்டைப்பையில் போடும் 10×25 மூன்றையும் தள்ளிவிடுங்கள்.

கடையில் பத்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் கருவியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பிப் பின்லென்ஸைப் பாருங்கள். நடுவே சின்ன ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நல்ல பிரிசம். ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுப்பட்டு, சாய்சதுரம்போலத் தெரிந்தால் மட்டமான பிரிசம். அந்த வட்டத்தை ஸ்கேலால் அளக்கவும் செய்யலாம். முன்லென்ஸ் விட்டத்தை அதனால் வகுத்தால் உண்மையான பெருக்கம் வந்துவிடும். இணையத்தில் ‘60×60’ என்று விற்கும் கருவியை அளந்து, முன்லென்ஸ் 35 மி.மீ., ஒளிவட்டம் 4 மி.மீ. என்று வந்தால், அது 9 மடங்குகூட இல்லை.

அடுத்தது இரண்டு குழலும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது. தூரத்து மின்கம்பியைப் பார்த்தபடியே கருவியை மெல்ல முகத்திலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பின்னே இழுங்கள். இரண்டு சிறு வட்டங்களிலும் கம்பி ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலே, ஒன்றில் கீழே நின்றால் பிரிசம் நகர்ந்திருக்கிறது. அரை மணியில் தலைவலி வரும். அதைச் சரிசெய்கிற செலவு கருவி விலையைத் தொட்டுவிடும். பிறகு அதே கம்பியில் உட்கார்ந்த காக்கையைப் பாருங்கள். கறுப்பு ஓரத்தில் ஊதா, பச்சைக் கோடு மெலிதாக வருவது இந்த விலையில் சகஜம். நடுவிலேயே தடிமனாக வந்தால் வேண்டாம். ஃபோகஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். திசை மாற்றும்போது சக்கரம் சும்மா சுழன்று பிறகு பிடித்தால் அது தேய்மானம். நடு மூட்டு விறைப்பாக இருக்க வேண்டும், தொளதொளவென்று மடியக்கூடாது. பழைய கருவியானால் முன்லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல வெள்ளைக் கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. அது பூச்சை அரித்துவிட்டிருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பின் முதல் வேலை டயாப்டர். நடு மூட்டை மடக்கி இரண்டு வட்டமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். முப்பது நாற்பது மீட்டர் தள்ளி ஒரு பெயர்ப்பலகையைத் தேர்ந்தெடுத்து, வலதுபக்க முன்லென்ஸைக் கையால் மூடி, இடக்கண்ணுக்குத் தெளிவாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடதை மூடிவிட்டு, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கப் பின்லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். “படம் தெளிவில்லை” என்று திருப்பிக் கொடுக்கப்படும் கருவிகளில் பல, இந்த ஒரு வளையம் சரியாக வைக்கப்படாதவை.

பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது நடு மூட்டும் ஃபோகஸும் மட்டும்தான் மாற வேண்டும், டயாப்டரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் இரு கண்ணுக்கும் இடைவெளி குறைவு. மூட்டை முழுதும் மடக்கியும் ஒரே வட்டம் வரவில்லை என்றால் ஒரு குழல் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம். வார் கழுத்தில் மாட்டிய பிறகே கருவியைக் கையில் விடுங்கள். இன்னொன்று, பைனாகுலர் வழியாகச் சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் விழித்திரை கருகும், திரும்பவே வராது. கோடியக்கரையில் காலை வெயிலில் கிழக்கே கடலை நோக்கி நிற்க வைக்காமல், பிள்ளைகளைச் சூரியனுக்கு முதுகுகாட்டி நிறுத்துங்கள். பறவையும் அப்போதுதான் நிறத்தோடு தெரியும்.

உப்புக்காற்றில் போய்வந்த நாளில் லென்ஸைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பொடிப்பொடியாக வெண்புள்ளிகள் இருக்கும். அவை உப்புப் பரல்கள். வேட்டி நுனியாலோ கைக்குட்டையாலோ ஒரு தேய்ப்பு தேய்த்தால் அத்தனையும் பூச்சைக் கீறிக்கொண்டே போகும். தண்ணீர் புகாத கருவியில் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு உப்பைக் கரைத்து வடியவிடுங்கள். பிறகு லென்ஸ் துடைக்கும் காகிதத்தில் இரண்டு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி, அழுத்தாமல் துடையுங்கள். திரவத்தைக் காகிதத்தில்தான் விட வேண்டும், லென்ஸில் அல்ல. அடைப்பில்லாத கருவியாக இருந்தால் தண்ணீர் விடக்கூடாது. ரப்பர் பல்பால் ஊதி, மென்தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு ஈரக் காகிதம்.

வைக்கும் இடம் பீரோ அல்ல. கருவியோடு வரும் உறையும் ஈரத்தை உறிஞ்சிவைக்கும், பயணத்துக்கு மட்டும் போதும். சமையலறையில் பருப்பு போட்டுவைக்கும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும். நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய தட்டில் கொட்டிச் சிறுதீயில் சூடாக்கினால் மீண்டும் உலர்ந்துவிடும். மழையில் நனைந்து வந்தால் முதலில் துண்டில் ஒற்றி, ஒரு இரவு மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு, பிறகே டப்பாவுக்குள் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் டப்பாவே பூஞ்சைக்குப் பண்ணையாகிவிடும்.

வலசைப் பறவைகள் புரட்டாசி தொடங்கும்போது கடற்கரையில் இறங்க ஆரம்பித்துவிடும். ஆவணிக்குள் வாங்கிவிட்டால், வீட்டு முருங்கையில் வரும் தேன்சிட்டை வைத்துப் பழகிக்கொள்ளலாம். வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவரும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், முடிந்தால் பைக் இருக்கையிலோ மரத்திலோ சாய்ந்துகொள்ளுங்கள். ரசீதில் சீரியல் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வாங்கிய வாரத்திலேயே மாலை வெளிச்சத்தில் ஒருமுறை மின்கம்பிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிசகு தெரிந்தால் மாற்றிக் கேட்க நாள் இருக்கும்.